சித்தப்பாவின் பத்து டெசிபல்

ஐந்து பேர் கொண்ட அந்தக் குழுவில் எல்லோரும் அவரைச் சித்தப்பா என்றுதான் கூப்பிட்டார்கள். உண்மையில் அவர் யாருக்கும் சித்தப்பா இல்லை. வயதில் மூத்தவர், ஆனால் குழுவுக்குத் தலைவர் இல்லை. பெரியப்பா என்று கூப்பிட்டால் தலைவரான கீபோர்டு மாஸ்டருக்கு முகம் கோணும். அண்ணன் என்றால் நரைத்த தலைக்குப் பொருந்தாது. யாரோ ஒரு நாள் சித்தப்பா என்று ஆரம்பித்தார்கள், அதுவே ஒட்டிக்கொண்டது. பேருந்துப் பணிமனையில் முப்பத்தோரு வருடம் எஞ்சினைப் பிரித்துப் பூட்டி ஓய்வு பெற்ற மனிதர். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு ஹோட்டலின் விருந்துக்கூடத்தில், ஜனங்கள் மதியச் சாப்பாடு சாப்பிடும் நேரத்தில், ஓரமாக நின்று எலெக்ட்ரிக் கிட்டார் வாசிப்பார். வேலையில் இருந்த காலத்திலிருந்தே இதே குழுதான். கணக்குப் பார்த்தால் பத்தொன்பது வருடம்.

அவருடையது ஆளை நிமிர்ந்து பார்க்க வைக்கிற கிட்டார் இல்லை. பாட்டுக்குப் பின்னால் தாளத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே நடக்கிற கிட்டார். அதைக் கேட்பதற்கென்று யாரும் சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பி வரமாட்டார்கள். அது அவருக்கும் தெரியும். ஆனால் மனைவியிடம் அவர் சொல்லி வைத்திருந்த கதையே வேறு.

மனைவி மகளின் பிரசவத்துக்கு என்று மூன்று மாதத்துக்குப் போனவள். மூன்று மாதம் ஆறு மாதமாகி, பேத்திக்குப் பல் முளைத்து, நடை வந்து, பேச்சு வந்து, இப்போது இரண்டரை வயது. மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள், குழந்தையைப் பார்க்க ஆள் வேண்டும். அவள் அங்கேயே தங்கிவிட்டாள். திங்கட்கிழமைதோறும் காலையில், மகள் அலுவலகத்துக்குக் கிளம்பிய பிறகு, இவருக்குப் போன் செய்வாள். வாரம் தவறாமல் ஒரே கேள்வி.

"நீங்க அங்க தனியா உட்கார்ந்து என்னதான் பண்றீங்க? இங்க வந்துடலாம்ல?"

வாரம் தவறாமல் ஒரே பதில். "நான் வந்துட்டா இவங்க என்ன பண்ணுவாங்க? நான் இல்லாம இவங்களால முடியாது. விடவே மாட்டாங்க."

அந்த வாரம் மட்டும் கேள்வி கொஞ்சம் நீண்டது. "பெரிய வீடு பார்த்திருக்காங்க. நீங்க வர்றதா இருந்தா நமக்கும் சேர்த்து மூணு ரூம். இல்லேன்னா ரெண்டு ரூமே போதும்கிறார் மாப்பிள்ளை. அடுத்த திங்கக்கிழமைக்குள்ள வீட்டுக்காரங்களுக்குச் சொல்லியாகணும். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இதுக்கப்புறம் நான் கேட்க மாட்டேன்."

"யோசிக்க என்ன இருக்கு?" என்றார் சித்தப்பா. ஆனால் போனை வைத்த பிறகு அந்தக் கடைசி வாக்கியம் அவருக்கு என்னவோ போல் இருந்தது. இரண்டரை வருடமாகக் கேட்டுக்கொண்டே இருப்பவள் கேட்பதை நிறுத்திக்கொள்வாள் என்று அவர் நினைத்ததே இல்லை.

அன்றைக்கு அவருக்கு வேறொரு வேலையும் இருந்தது. ஆம்ப்ளிஃபயர் பெட்டியில் ஏதோ ஒன்று தளர்ந்து, வாசிக்கும்போது கிர்ரென்று ஆடியது. அதைப் பழுது பார்க்கக் கொண்டு போக வேண்டும். அந்தப் பெட்டியின் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

குழுவில் ஒரு சட்டம் உண்டு. பதினோரு வருடத்துக்கு முன்னால் அங்கே ஒரு சத்தப் போர் நடந்தது. டிரம்ஸ் கை ஓங்கினால் பேஸ் கிட்டார் ஏற்றும், பேஸ் ஏற்றினால் கீபோர்டு ஏற்றும், கீபோர்டு ஏற்றினால் சித்தப்பா சும்மா இருப்பாரா, அவரும் ஏற்றுவார். நடுவில் நின்று பாடுகிற பெண்ணுக்குத் தொண்டை கிழிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாட்டைப் பாதியில் நிறுத்தி, மைக்கிலேயே, "நான் பாடவா, இல்ல வீட்டுக்குப் போகவா?" என்று கேட்டுவிட்டாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களின் கரண்டி எல்லாம் அந்தரத்தில் நின்றது. அடுத்த வாரம் கையில் ஒரு சிவப்பு நகப்பூச்சுக் குப்பியோடு வந்தாள். கூடத்தின் நடு மேஜையில் உட்கார்ந்து ஒவ்வொருவரையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். போதும் என்று தோன்றிய இடத்தில் அவரவர் சத்தக் குமிழுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தாள். டிரம்ஸ்காரருக்குக் குமிழ் இல்லாததால் கனமான குச்சியைப் பிடுங்கிக்கொண்டு மெல்லிய குச்சி கொடுத்தாள். "இந்தப் பொட்டைத் தாண்டினா மைக்கை வச்சுட்டுப் போய்க்கிட்டே இருப்பேன்" என்றாள்.

பேஸ் கிட்டார்காரர் அவ்வப்போது ஒரு முடி அளவு தாண்டுவார், மாஸ்டருக்கும் கை அரிக்கும். சித்தப்பா மட்டும் தாண்டியதே இல்லை. பணிமனையில் நட்டு முடுக்குவதற்கும் அளவு பார்த்துப் பழகிய கை. பொட்டு என்றால் பொட்டுதான்.

சில மாதங்களுக்கு முன்னால் அந்தப் பெட்டியின் ஸ்பீக்கர் கிழிந்து கரகரத்தது. மூன்று வாரம் இரவல் ஆம்பில் வாசித்துச் சமாளித்தார். பிறகு பெரிய கடை ஒன்றுக்குப் போய், ஸ்பீக்கர்களில் ஒட்டியிருந்த சீட்டைத் தானே படித்துப் படித்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். பழையதில் முப்பது வாட்ஸ் என்று போட்டிருந்தது. புதியதில் நூற்றைம்பது. அளவு அதே பன்னிரண்டு அங்குலம், எடை மட்டும் கல். கடைக்காரப் பையன், "சார், இது சிங்கம் சார்" என்றான். சிங்கத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, வீட்டுக் கூடத்தில் செய்தித்தாள் விரித்து, தானே கழற்றி மாட்டினார். ஐந்து மடங்கு பலமாயிற்றே, யாருக்காவது காது போய்விடப் போகிறது என்ற பயத்தில், குமிழைப் பொட்டுக்கு நேராக வைத்துவிட்டுத்தான் மின்சாரத்தையே போட்டார்.

சிங்கம் கர்ஜிக்கவில்லை. மெதுவாக, உருண்டையாக, இதமாக ஒலித்தது. நல்ல சரக்கு என்றால் சத்தம் போடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பெட்டிக்கு இரண்டடி தள்ளித்தானே நிற்கிறார், அவருக்கு நன்றாகவே கேட்டது.

அதற்கப்புறம்தான் அந்த அதிசயம் நடந்தது. பத்தொன்பது வருடத்தில் அவரை யாரும் பாராட்டியதில்லை. புது ஸ்பீக்கர் போட்ட இரண்டாவது வாரமே கீபோர்டு மாஸ்டர் தோளில் தட்டினார். "சித்தப்பா, இப்பதான் உங்க கை பக்குவத்துக்கு வந்திருக்கு." பாடகியும் சொன்னாள். "ஆமா சித்தப்பா, வாசிப்புல ஒரு நிதானம் வந்திருக்கு. முன்னெல்லாம் கொஞ்சம் முட்டி மோதுவீங்க." மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. ஐம்பத்தொன்பது வயதில் ஒரு மனிதன் தேறுகிறான் என்றால் சும்மாவா? தினமும் இரண்டு மணி நேரம் கூடுதலாகப் பழகினார். திங்கட்கிழமைப் போனில் மனைவியிடமும் சொன்னார். "இத்தனை வருஷத்துக்கு அப்புறமாவது வந்துச்சே" என்றாள் அவள்.

இதுதான் பெட்டியின் கதை. அந்தப் பெட்டியைத்தான் ஸ்பீக்கர் பழுது பார்க்கிற அம்மாவிடம் தூக்கிக்கொண்டு போனார். மாடிப்படிக்குக் கீழே எட்டடி அகலத்தில் ஒரு கடை. சுவரெல்லாம் ஸ்பீக்கரின் கிழிந்த காகிதக் கோன்கள், பசை வாசனை, ஒரு பழைய டெஸ்க். நாற்பது வயதுக்காரி. மூக்கு நுனியில் கண்ணாடி, வாயில் துடுக்கு. பெட்டியின் பின்பலகையைக் கழற்றி, கைப்பிடி ஆணி இரண்டை முடுக்கியதும் கிர்ர் நின்றுபோயிற்று. மூடப் போனவள் ஸ்பீக்கரைப் பார்த்து நின்றாள்.

"யாரு சார் இதை மாட்டினது?"

"நான்தான்."

"எதைப் பார்த்து வாங்கினீங்க?"

"நூத்தைம்பது வாட்ஸ்" என்றார் பெருமையாக. "பழசு வெறும் முப்பது."

அவள் புறங்கையால் வாயை மூடிக்கொண்டாள். "ஏன் சார், எவ்வளவு சாப்பிடுவேன்னு கேட்டா வேலைக்கு ஆள் எடுப்பீங்க? வாட்ஸ்ங்கறது அது தாங்குற சாப்பாடு. அதுக்கு மேல ஊட்டினா கருகிடும், அவ்வளவுதான் அதுக்கு அர்த்தம். எவ்வளவு வேலை செய்யும்ங்கறது வேற நம்பர். இந்தாங்க, இங்க பாருங்க."

காந்தத்தின் மேல் ஒட்டியிருந்த சீட்டின் ஓரத்தில் எறும்பு அளவு எழுத்து. தொண்ணூறு டெசிபல் என்று இருந்தது.

"ஒரு வாட் கொடுத்து, ஒரு மீட்டர் தள்ளி நின்னு கேட்டா எவ்வளவு சத்தம் வரும்ங்கறதுதான் இது. சென்சிட்டிவிட்டின்னு சொல்லுவோம். உங்க பெட்டியோட வந்த பழைய ஸ்பீக்கர் எனக்குத் தெரியும், அது நூறு."

"பத்துதானே வித்தியாசம்?"

"பத்துதானேவா!" அவள் எழுந்தே விட்டாள். அலமாரியிலிருந்து அவருடைய பழைய ரகத்தைச் சேர்ந்த, கோன் மாற்றிய ஸ்பீக்கர் ஒன்றை எடுத்தாள். ஒரு மீட்டர் தள்ளி முக்காலியில் தன் போனை வைத்தாள். அதில் சத்தத்தை அளக்கிற செயலி ஓடிக்கொண்டிருந்தது. குமிழைப் பொட்டில் வைத்து, ஊய் என்று ஒரே சீரான ஒலியை முதலில் அவருடைய புதிய ஸ்பீக்கரில் விட்டாள். போன் எழுபத்து நான்கு காட்டியது. குமிழைத் தொடாமல் ஒயரை மட்டும் பழைய ரகத்துக்கு மாற்றினாள். எண்பத்து நான்கு. எண்ணைப் பார்க்கவே தேவை இருக்கவில்லை. மேஜையில் இருந்த தேநீர்க் கோப்பை தட்டோடு சேர்ந்து நடுங்கிற்று.

"டெசிபல் காய்கறி எடை மாதிரி இல்ல சார், கூட்டிக் கழிச்சுப் பார்க்க. மூணு ஏறணும்னா ஆம்ப் ரெண்டு மடங்கு தள்ளணும். பத்து ஏறணும்னா பத்து மடங்கு. இந்தப் புதுசுல உங்க பழைய சத்தம் வரணும்னா முப்பது வாட் ஆம்ப் முந்நூறு வாட்டா மாறணும். காது மட்டும் வேற கணக்கு வச்சிருக்கு. பத்து டெசிபல் ஏறினா ரெண்டு மடங்குன்னு நினைச்சுக்கும், இறங்கினா பாதின்னு நினைச்சுக்கும். மாட்டி எத்தனை நாளாச்சு?"

"பதினாலு வாரம். அதுக்கு முன்னாடி மூணு வாரம் இரவல் ஆம்ப்."

"அப்ப பதினாலு வாரமா பாதி சத்தத்துல வாசிச்சிருக்கீங்க. உங்களுக்குத் தெரியாதது தப்பில்ல, நேத்து சத்தம் காதுக்கு ஞாபகம் இருக்காது. நடுவுல வேற ஆம்ப்ல வேற வாசிச்சீங்கன்றீங்க. ஆனா உங்க ஆளுங்க? யாரும் சொல்லலையா சார்?"

அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். கேட்டபடியே குனிந்து ஒயரைச் சுற்ற ஆரம்பித்துவிட்டாள். சித்தப்பா யோசித்துப் பார்த்தார். யாரும் சொல்லாமல் இல்லையே, எல்லோரும்தான் சொன்னார்கள். கை பக்குவம், நிதானம், முட்டல் மோதல் இல்லை. அதெல்லாம் என்னவென்று இப்போது புரிந்தது. அவர் பாதியாகக் குறைந்ததைத்தான் அவர்கள் பாராட்டியிருக்கிறார்கள்.

"இந்தப் பழைய ரகத்தையே மாட்டிடவா? அரை மணி நேர வேலை."

"இல்லம்மா. அடுத்த வாரம் வரேன்."

"இதுல யோசிக்க என்ன சார் இருக்கு?"

அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகத் தன் போனிலும் அந்தச் செயலியை இறக்கிக்கொண்டார். கூடத்தில் வைத்துப் பார்த்தார். முப்பத்தொன்று. குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் முப்பத்தெட்டு. படுக்கையறையில் முப்பதுக்கும் கீழே போயிற்று. மின்விசிறியைப் போட்டால் நாற்பத்தைந்து. அந்த மின்விசிறியில் ஏதோ கோளாறு என்று இந்த இரண்டரை வருடத்தில் இரண்டு முறை ஆளைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டார். வந்தவன் இரண்டு முறையும் கழற்றிப் பார்த்து, "நல்லாத்தானே சார் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனான். அவருக்கென்னவோ வீட்டில் எந்தச் சத்தமும் முன்போல் இல்லை.

போனை மேஜையில் நிறுத்தி வைத்துவிட்டு, "நான் இல்லாம இவங்களால முடியாது" என்று உரக்கச் சொல்லிப் பார்த்தார். திரையில் எண் ஐம்பத்தெட்டுக்குத் தாவிவிட்டு முப்பத்தொன்றுக்கு இறங்கிற்று. ஒரு கிழவன் தனி வீட்டில் போனைப் பார்த்துப் பேசுகிற லட்சணம் அவருக்கே சகிக்கவில்லை. எழுந்து போய் முகம் கழுவினார்.

வாரம் முழுக்க இதே நினைப்பு. உண்மையிலேயே முடியாதா? முடியும் என்றால் இந்த இரண்டரை வருடம் எதற்கு? காலையில் ஒருவனாக எழுந்து, ஒருவனாகச் சாப்பிட்டு, ஒரு தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்ததெல்லாம் எதற்கு? பேத்தி முதல் அடி எடுத்து வைத்ததைக்கூடப் போன் திரையில்தான் பார்த்தார். அதுவும் தெளிவாகத் தெரியவில்லை. திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் அவருக்குத் தெரிந்தாக வேண்டும். யாரிடமாவது கேட்டால் தெரியுமா? கேட்டால் மரியாதைக்கு ஏதாவது சொல்வார்கள். சனிக்கிழமை மாலை ஒரு முடிவுக்கு வந்தார்.

அவருடைய ஆம்பில் ஒரு பொத்தான் உண்டு. அதைத் தட்டினால் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், சத்தம் மட்டும் வராது. ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டரைக்கு எல்லோரும் இசைக்கருவிகளைச் சரிபார்த்து முடித்ததும், குனிந்து ஒயரைச் சரிசெய்கிற பாவனையில் அதைத் தட்டிவிட்டார். கம்பியைத் தட்டினார். தகரம் போல் ஒரு சின்ன ஓசை, அதுவும் அவர் காதுக்கு மட்டும்.

முதல் பாட்டு வேகமான பாட்டு, டிரம்ஸே எல்லோரையும் இழுத்துக்கொண்டு போய்விடும். உயிரைக் கொடுத்து வாசித்தார். வெறும் கம்பிதான், ஆனால் சுரங்களைச் சேர்த்துப் பிடிக்கிற கார்டு ஒன்றுகூடத் தவறவில்லை. கூடத்தில் தட்டும் கரண்டியும் போடுகிற சத்தம் எப்போதும் போல் இருந்தது. பாட்டு முடிந்ததும் கீபோர்டு மாஸ்டர் இவர் பக்கம் திரும்பி, நன்றாக இருந்தது என்று தலையை ஆட்டினார். அவ்வளவுதான், தீர்ந்தது, இரண்டு பொட்டலம் துணியைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான் என்று சித்தப்பா நினைத்தார்.

இரண்டாவது பாட்டு மெதுவானது. பல்லவி முடிந்து, இடையிசை முடிந்து, பாடகி சரணத்தைத் தொட வேண்டிய இடம். தொட்டாள். அரைச் சுருதி மேலே போய் விழுந்து, வழுக்கி, இடத்துக்கு வந்து சேர்ந்தாள். டிரம்ஸ்காரர் நிமிர்ந்து பார்த்தார். பத்தொன்பது வருடத்தில் அவள் அப்படி விழுந்தவளே இல்லை. மூன்றாவது பாட்டில் ஒரு சுற்று தாமதமாக எடுத்தாள். மாஸ்டர் இடையிசையைத் திரும்ப வாசித்துக் காப்பாற்றினார். நான்காவதில் வாயைத் திறந்துவிட்டு மூடிக்கொண்டாள்.

சித்தப்பாவுக்கு அப்போதுதான் தன் விரல்கள் என்ன செய்கின்றன என்பதே தெரிந்தது. அவள் எடுக்க வேண்டிய இடம் வருவதற்குச் சற்று முன்னால், கார்டுக்கு அடியில், அவளுக்கான சுரத்தை இரண்டு தரம் தொட்டுவிட்டுப் போவது அவருடைய பழக்கம். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, யாரும் கேட்கவுமில்லை. எந்த வருடம் ஆரம்பித்தது என்றுகூட அவருக்கு நினைவில்லை. அவளும் அதைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறாள் என்பது அவளுக்குத் தெரியாது. பாதி சத்தத்திலும் அது அவளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது, ஏனென்றால் அவள் நிற்பது அவருடைய பெட்டிக்கு நேர் முன்னால். இன்றைக்குத்தான் போகவில்லை.

அவள் இடது பக்கம் பார்த்தாள், வலது பக்கம் பார்த்தாள், பாடுகிறவளுக்கே கேட்பதற்காகக் காலடியில் வைத்திருந்த மானிட்டர் ஸ்பீக்கரைப் பார்த்தாள். பார்வை சித்தப்பாவின் மேலும் வந்தது. அவர் கை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. பார்வை நிற்காமல் அப்பால் போய்விட்டது.

ஆறு பாட்டுக்குப் பிறகு இடைவேளை. பாடகி மேடைக்குப் பின்னால் வந்ததும் வராததுமாக மாஸ்டர் மேல் பாய்ந்தாள்.

"மாஸ்டர், சுருதியை மாத்தி வச்சிருக்கீங்களா?"

"கீபோர்டுல சுருதி எப்படிம்மா தானா மாறும்?"

"அப்ப மானிட்டர். எனக்கு ஒண்ணுமே கேட்கல."

"மானிட்டர் போன வாரம் வச்ச இடத்துலயேதான் இருக்கு."

"அப்ப இந்த ஏசி. நேரா தொண்டையில அடிக்குது." வெந்நீரை வாயில் வைத்தவள் சூட்டில் உதறினாள். டிரம்ஸ்காரர் அவசரப்படுகிறார் என்றாள், பேஸ் அமுங்கிக் கிடக்கிறது என்றாள். கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "யார் மேலயும் தப்பு இல்ல. என் தொண்டைதான் போயிடுச்சு போல. நாளைக்கு டாக்டரைப் பார்க்கணும்." கண்ணில் நீர் திரண்டு நின்றது.

சித்தப்பாவுக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆமாம், சந்தோஷம்தான். குதிக்கலாம் போல அப்படி ஒரு சந்தோஷம். நான் இல்லாமல் முடியவில்லை, பார்த்தீர்களா! மனைவியிடம் சொன்னது பொய் இல்லை! அடுத்த நொடி, அழுகிற பெண்ணைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறோமே என்று தன் மேலேயே அருவருப்பு வந்தது. "ஒண்ணும் ஆகலம்மா, ரெண்டாவது பாதி சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு மேடைக்குப் போய்ப் பொத்தானைத் தட்டினார்.

சரியாயிற்று. முதல் பாட்டிலேயே, எடுக்கிற இடத்தில் அவர் இரண்டு தரம் தொட, அவள் அச்சாக அங்கே வந்து இறங்கினாள். மூன்றாவது பாட்டுக்குள் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். கடைசிப் பாட்டில் முன் மேஜைக் குழந்தையைப் பார்த்துக் கை அசைத்தாள். சித்தப்பா அவளுடைய முதுகைப் பார்த்தபடி வாசித்தார். இவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. சொன்னால் தெரியும், தெரிந்தால் போதும், ஒரே ஒருத்திக்குத் தெரிந்தால்கூடப் போதும்.

மூன்று மணிக்கு எல்லோரும் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது அவளருகே போனார்.

"அம்மா, ஒண்ணு சொல்லணும். முதல் பாதி முழுக்க என் ஆம்ப் ஆஃப்ல இருந்துச்சு."

அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள். "போங்க சித்தப்பா, என்னைச் சமாதானப்படுத்தப் பார்க்கறீங்க."

"இல்லம்மா, நிஜமாத்தான். நான் வேணும்னுதான்…"

"எனக்குக் காது இல்லையா சித்தப்பா? உங்க கிட்டார் நல்லாக் கேட்டுச்சே. முதல் பாதியில ஒழுங்கா இருந்ததே நீங்க ஒருத்தர்தான்."

"கேட்டுச்சா?"

"பின்னே? நீங்க எப்பவும் போல வாசிச்சுக்கிட்டுதானே இருந்தீங்க, நான்தான் பார்த்தேனே." அவர் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள். "பெரிய மனசு சித்தப்பா உங்களுக்கு. என் தப்பை நீங்க ஏத்துக்கறீங்க."

பக்கத்தில் இருந்த மாஸ்டரும் சேர்ந்துகொண்டார். "சித்தப்பா வாசிப்புல இப்பல்லாம் பிசிறே இல்ல. அம்மா, ரெண்டாவது பாதிக்கு நான் மானிட்டர்ல ஒரு ரெண்டு டெசிபல் ஏத்தினேன், கவனிச்சியா? அதான் சரியாயிடுச்சு."

"அதுதான் மாஸ்டர்! இனிமே அப்படியே வச்சிடுங்க."

மேலே வாதாடியிருக்கலாம். பொத்தானைத் தட்டிக் காட்டியிருக்கலாம். அவருக்குத் தெம்பு இல்லை. அந்தப் பெண்ணின் முகத்தில் அவ்வளவு அன்பு இருந்தது. அவ்வளவு அன்போடு, தனக்குக் கேட்காத ஒன்றைக் கேட்டேன் என்று சொல்கிறாள். அதற்கு மேல் ஒருவரிடம் என்ன சொல்வது? பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்.

திங்கட்கிழமை காலை மனைவி போன் செய்தாள்.

"சொல்லுங்க. விட மாட்டாங்க, ரெண்டு ரூம் போதும், அதானே?"

சித்தப்பா எல்லாவற்றையும் சொன்னார். சிங்கம் என்று சொல்லி விற்ற ஸ்பீக்கர், தொண்ணூறு, நூறு, பதினான்கு வாரம், பாராட்டு, பொத்தான், இரண்டு தரம் தொடுகிற சுரம், எதையும் விடவில்லை. தன் வாசிப்பைப் பற்றி இவ்வளவு நேரம் அவர் அவளிடம் பேசியதே இல்லை.

"அப்ப அவங்களுக்கு நீங்க வேணுமா, வேணாமா?" என்று மட்டும் கேட்டாள்.

"வேணும். நான் இல்லாம அந்தப் பொண்ணால பாட முடியல. ஆனா இல்லாம போனது நான்தான்னு அவளுக்குத் தெரியல. மானிட்டருங்கறா, ஏசிங்கறா, தொண்டைங்கறா. அதுக்கு மேல, நீங்க நல்லா வாசிச்சீங்கன்னு வேற சொல்றா. அது எப்படி இருக்கும்னு உனக்குச் சொன்னாப் புரியாது."

"புரியும்" என்றாள் அவள்.

"உனக்கு எப்படிப் புரியும்? நீ எந்த மேடையில ஏறினே?"

"முப்பத்திரண்டு வருஷம் உங்க வீட்டுல இருந்தேனே."

குரலில் கோபம் துளியும் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவருக்குச் சமாளிக்கத் தெரியும், முப்பத்திரண்டு வருடப் பழக்கம். இது வேறாக இருந்தது. கடைக்குப் போய் வந்தேன் என்று சொல்வது போலச் சொன்னாள். சித்தப்பா நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்து உட்கார்ந்தார்.

"மூணு ரூம்னு சொல்லிடு" என்றார் கடைசியில்.

"வந்து என்ன பண்ணுவீங்க? இங்க மேடையெல்லாம் கிடையாது."

"தெரியல."

தூரத்தில் பேத்தி எழுந்து அழுகிற சத்தம் கேட்டது. "இருங்க, முழிச்சுக்கிட்டா. வச்சுடாதீங்க" என்று போனை எங்கோ வைத்துவிட்டுப் போனாள். காலடி ஓசை, கதவு, அழுகை கொஞ்சம் பெரிதானது, பிறகு தணிந்தது. அதன் பிறகு ஒரு பாட்டு கேட்டது. டிவி என்றுதான் முதலில் நினைத்தார். இசைக்கருவி எதுவும் இல்லாத வெறும் குரல். சின்னக் குரல், ஆனால் சுருதி இம்மியும் பிசகவில்லை. மேலே போக வேண்டிய இடத்தில் யாருடைய உதவியும் இல்லாமல் தானாக ஏறி, அங்கே நின்று, நிதானமாக இறங்கி வந்தது. யார் பாடுகிறார்கள் என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, மூச்சுவிடும் சத்தம்கூடக் குறுக்கே வந்துவிடக் கூடாது என்று அசையாமல் இருந்தார்.

வெகுநேரம் கழித்து அவள் வந்தாள். "என்னங்க, இன்னும் லைன்லயா இருக்கீங்க?"

"இருக்கேன்."

"என்ன பண்ணிட்டிருந்தீங்க இவ்வளவு நேரம்?"

"நீ பாடினியா?" என்று கேட்டார். "உனக்குப் பாட வரும்னு எனக்குத் தெரியாதே. எப்பலேருந்து பாடுறே?"



"நான் எப்பவும் பாடுவேனேங்க" என்றாள். "நீங்க கூடத்துல வாசிச்சுப் பழகும்போதெல்லாம், நான் சமையலறையில கூடவே பாடிட்டுதான் இருப்பேன்."